ஒகாசான் சொல்லிக்கொடுத்த "போயிட்டு வரேன்"

கேள்வி: ஜப்பானில் பரிமாற்ற மாணவராக இருந்தபோது உங்கள் மனதில் நின்றுவிட்ட அன்றாடப் பழக்கம் எது?

2018-இல் ஃபுகுவோக்காவில் படித்தேன். கணவரை இழந்து தனியாக இருந்த ஓர் அம்மாவின் வீட்டில் தங்கல். அவரை நானும் 'ஒகாசான்' என்றுதான் கூப்பிட்டேன். அம்மா என்று பொருள்.

முதல் நாள் காலை நான் பேசாமல் கிளம்பப் பார்த்தேன். வாசலில் நிறுத்தி ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தார்: 'இத்தேகிமாஸ்'. 'இத்தே' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். நம்ம 'போயிட்டு வரேன்' அப்படியே! அதற்கு வீட்டில் இருப்பவர் சொல்வது 'இத்தெராஷ்ஷாய்', போயிட்டு வா. திரும்பி வந்ததும் 'ததாய்மா', வந்துட்டேன். உள்ளேயிருந்து 'ஒகாயெரி' என்று பதில் வரும். "போறேன்" என்று சொன்னால் எங்கள் பாட்டிக்குப் பொறுக்காது, திருப்பிச் சொல்ல வைப்பார். அத்தனை தூரம் போய் அதே கண்டிப்பைப் பார்த்ததும் எனக்கு அந்த வீடு அன்றைக்கே பழகிவிட்டது.

குளியல்தான் பழக நாளானது. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை போக அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, 40 டிகிரி சூட்டில் சும்மா அமிழ்ந்து கிடக்க. வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர். இது தெரியாமல் முதல் இரவு நான் குளித்து முடித்து அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். விருந்தாளி என்று என்னை முதலில் குளிக்க விட்டிருந்தார். அவர் இன்னும் குளிக்கவில்லை. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் மறுபடி நிரப்பினார். மறுநாள்தான் தெரிந்தது, மிச்சத் தண்ணீரைக் குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு எடுத்துத் துணி துவைப்பார் என்று. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

ஜப்பானில் குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஃபுகுவோக்காவில் இரவில்தான் வண்டி வரும் என்பது மட்டும் புதிது. எரியும் குப்பை வாரம் 2 முறை, பிளாஸ்டிக் (PET) பாட்டில்கள் மாதம் ஒரே முறை. தவறவிட்டால் அடுத்த மாதம் வரை வீட்டிலேயே கிடக்கும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு முறைதான் ஒகாசான் என் கையைப் பிடித்துத் தடுத்தார். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்திருந்தேன். இறந்தவருக்கு வைக்கும் சோற்றில்தான் அப்படி நட்டு வைப்பார்களாம். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்புகளை எடுக்கும்போது செய்வது அது.

கூடத்தில் 'புத்சுதான்' என்ற சிறிய பூஜை மாடம் இருந்தது. பக்கத்தில் அவர் கணவரின் படம். தினமும் காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டி அங்கேதான் போகும், ஒரு சின்னக் கிண்ணத்தில். நம் வீடுகளில் காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே மற்றவர்கள் உட்காருவோம்! வெளியே கிளம்பும்போது ஒகாசான் அந்தப் படத்தைப் பார்த்தும் 'இத்தேகிமாஸ்' சொல்வார்.

டிசம்பரில் ஒரு மாலை அவர் கடைக்குப் போயிருந்தார். வீடு இருட்டாக இருந்தது. காலணியைக் கழற்றி, முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பதில் சொல்ல ஆளில்லை என்று தெரிந்தும், கூடத்தைப் பார்த்து "ததாய்மா" என்றேன்.