பேச்சு ஏறினால் விற்பனை ஏறுமா? சமூக ஊடகத் தரவு: கேள்வி பதில்

கோலாலம்பூரில், சமூக ஊடகப் பதிவுகளை அலசி வியாபாரிகளுக்கு அறிக்கை தரும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். தம்பி, நீங்கள் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

எந்தச் சொல் எந்த வாரம் ஏறுகிறது என்று பார்க்கிறோம், அக்கா. தீபாவளிக்கு முன் 'புடவை' வருடா வருடம் ஏறும். அதில் செய்தி இல்லை. 'ரெடிமேட் பிளவுஸ்' அதைவிட வேகமாக ஏறினால்தான் நிமிர்ந்து உட்காருவோம். தையல்காரர் கிடைக்காமல் ஆட்கள் அலைகிறார்களோ என்று அடுத்து அதைத் தோண்டுவோம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவையும் படிக்கிறீர்களா அண்ணே? (செந்தூல்)

முடியாது. 2016 முதல் அங்கே அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டு உண்டு. பொதுவில் போட்டது மட்டும்தான் எங்கள் கைக்கு வரும், அறிக்கையில் யார் பெயரும் இருக்காது. ஆனால் நம் ஆட்கள் ஒரு கடையை வாய்விட்டுத் திட்டுவது குடும்பக் குழுவில்தானே? அதனால் எங்கள் வரைபடம் எப்போதும் பாதிப் படம்தான்.

பினாங்கில் நாசி கண்டார் கடை. பாராட்டையும் திட்டையும் கணினி எப்படிப் பிரிக்கும்?

பாதி நேரம் தப்பாகத்தான் பிரிக்கும். 'கிலா சேடாப்' என்று ஒருவர் எழுதுகிறார். மலாயில் அப்படியொரு ருசி என்று அர்த்தம். ஆனால் கிலா என்றால் பைத்தியம், ஆக இது திட்டு என்று பழைய மென்பொருள் முடிவு கட்டிவிடும். 'காரம் செம லா, செத்தேன்' என்றவர் மறுநாளும் உங்கள் கடை வரிசையில் நிற்பார். 'சூப்பர் சர்வீஸ், ஒரு மணி நேரம்தான் காத்திருந்தேன்' என்பதோ பாராட்டுக் கணக்கில் விழும். போதாக்குறைக்கு 'நல்லா இருக்கு' என்பதையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒரே வரியில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ரொஜாக் மாதிரி கலந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிக்கைக்கும் இருநூறு பதிவையாவது கண்ணால் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

இதை நம்பி முதல் போடலாமா?

இதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். கூகுள் 2008-இல் மக்கள் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்கத் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதன் கணிப்பு, அரசுக் கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. செய்தியைப் பார்த்துப் பயந்தவர்களும் தேடியிருப்பார்கள் என்று பலர் காரணம் சொன்னார்கள். 2015-இல் கணிப்பு வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு பானத்தைப் பற்றிய பேச்சு ஒரே வாரத்தில் எகிறியது. ஒரு வாடிக்கையாளர் என் பேச்சைக் கேட்டுச் சரக்கு இறக்கினார். அப்புறம் பார்த்தால், எழுதியவர்களில் பெரும்பாலோர் பரிசுப் போட்டிக்காகப் பகிர்ந்தவர்கள்! அன்றிலிருந்து 'எங்கே கிடைக்கும்?', 'என்ன விலை?' என்று கேட்பவர்களைத் தனியாக எண்ணுகிறேன்.

ஒரு சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் 100 என்று வருகிறது. நூறு பேரா?

இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தச் சொல் உச்சத்தில் இருந்த இடம் 100. மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான்.

சின்ன ஒட்டுக்கடைக்கு உங்கள் கம்பெனி கட்டுப்படியாகுமா?

ஆகாது, வேண்டியதும் இல்லை. கூகுள் மேப்ஸில் உங்கள் கடைக்கு வந்த கடைசி ஐம்பது கருத்தையும், பக்கத்துக் கடைக்கு வந்த ஐம்பதையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். பார்க்கிங் எத்தனை, சாம்பார் எத்தனை, முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது எத்தனை. ஒரு தே தாரே குடித்து முடிப்பதற்குள் பாதி முடிந்துவிடும்.