கறுப்பாய்த் தெரியும் கோட் கறுப்புத்தானா?

கேள்வி: பூட்டனார் 1911 அளவில் படை அதிகாரி உடுப்போடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஒயில் பெயின்ற்றில் கீறித் தரச் சொன்னோம். கோட்டைக் கறுப்பாகவே கீறட்டுமா என்று ஓவியர் கேட்கிறார். – கொக்குவில் வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் படத் தகடுகளில் சிவப்பு சரியாகப் பதியாது, நீலம் அளவுக்கு மிஞ்சிப் பதியும். அதனால் செக்கச்சிவந்த கோட்டும் படத்தில் கறுப்பாய்த்தான் விழும். பதக்க நாடாக்களிலும் இதே கோளாறுதான்: நீலக்கோடு வெளிறியும் சிவப்புக்கோடு இருண்டும் தெரியும்.

பிரித்தானிய முறையில் காலாட்படை அதிகாரியின் விழா உடுப்பு பெரும்பாலும் சிவப்பு, ரைபிள் படைக்குக் கடும்பச்சை, பீரங்கிப் படைக்குக் கருநீலம். ஆகவே படத்தின் நிறத்தை நம்பாமல், அவர் எந்தப் படை என்று பிடியுங்கள். படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கழுத்துப்பட்டிச் சின்னத்தையும் பொத்தானையும் பெருப்பித்துப் பாருங்கள். ரைபிள் படைக்குப் பெரும்பாலும் கறுப்புப் பொத்தான்; உங்கள் படத்தில் பொத்தான் பளபளத்தால் அந்தச் சந்தேகத்தை ஏறக்குறைய விட்டுவிடலாம். இலங்கைத் தொண்டர் படைகள் 1910இல் சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் என்று பெயர் மாறின. வீட்டுக் கடிதங்களில் இரண்டு பெயரையும் தேடுங்கள்.

தோள் நட்சத்திரங்களிலும் ஒரு பொறி உண்டு. 1902க்குப் பிறகு மூன்று நட்சத்திரம் கப்டன், இரண்டு லெப்டினன்ட். அதற்கு முன் கப்டனுக்கே இரண்டுதான். திகதி உறுதியில்லாமல் "திருத்தி" இன்னொரு நட்சத்திரம் சேர்த்துவிடாதீர்கள். கிரீடச் சின்னம் 1953க்குப் பிந்திய வடிவத்தில் இருக்கவே கூடாது. இணையத்தில் எடுத்த மாதிரியால் வரும் வழமையான பிழை இது. பதக்கங்கள் அவருடைய இடது மார்பில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வலதில் என்றால் பெரும்பாலும் பிரதி இடம்வலம் புரண்டு அச்சாகியிருக்கிறது.

கோட் சிவப்பென்று முடிவானால் ஓவியருக்குச் சொல்ல வேண்டியது: காட்மியம் சிவப்பில் தொடங்கட்டும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் செங்கல் நிறமாகிவிடும், ஆழ்ந்த கிரிம்சன் போதும். வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கூட்டினால் ரோஸ் ஆகிவிடும், செம்மஞ்சள் நல்லது. பொன் சரிகைக்குக் கடை பொன் பெயின்ற் வேண்டவே வேண்டாம். நாளாக அது கறுக்கும். மஞ்சள் ஓக்கர், பழுப்பு, மேலே நாலைந்து வெளிர்மஞ்சள் பொட்டு. இவ்வளவும் போதும், தள்ளி நின்று பார்த்தால் மின்னும்.

வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. மாரியில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்; உட்சுவரென்றாலும் சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்.