யு-கி-ஓ கோட் ஃபார்மேட்டில் புதிதாக இறங்குகிறேன், போட்டிக்கு எந்த டெக் எடுக்கலாம்? எல்லாரும் கோட் கன்ட்ரோல்தான் என்கிறார்களே?

நீங்கள் இப்போதைய யு-கி-ஓ கார்டு விளையாட்டை ஆடி, எதிராளி ஒரே டர்னில் காம்போ மேல் காம்போ போடுவதைப் பார்த்து அலுத்துப்போய், 2005-ன் கார்டுகளோடும் விதிகளோடும் ஆடும் கோட் ஃபார்மேட்டுக்கு வருகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். கையில் பழைய கார்டு அதிகம் இருக்காது. பக்கத்தில் சேர்ந்து ஆட ஆளும் இருக்காது. காரைக்குடியில் இருந்துகொண்டு இதை ஆடுகிற எனக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும்.

எல்லாரும் சொல்வது உண்மைதான். ஃபார்மேட்டுக்குப் பெயரே ஸ்கேப்கோட் கார்டால் வந்தது. அந்தக் கார்டை வைத்து எதிராளியை அடக்கி ஆடும் கோட் கன்ட்ரோல் வலுவான டெக் (கார்டுக் கட்டு), அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் முதல் டெக்காக அதை எடுக்காதீர்கள் என்பேன். 'ஜூ' என்று சொல்கிற மிருக டெக்கை எடுங்கள்.

காரணம் இதுதான். இந்த ஃபார்மேட் ஏப்ரல் 2005 தடைப் பட்டியலோடும், அந்த வருடம் ஜூனில் வந்த 'தி லாஸ்ட் மில்லேனியம்' தொகுப்போடும் நின்றுவிட்டது. இனிமேல் புதுக் கார்டு வரப்போவதில்லை. அப்படியானால் உங்கள் எதிரே உட்காருகிறவர் பல வருடமாக அதே நாற்பது கார்டோடு பழகியவர். பாட் ஆஃப் க்ரீடை எப்போது போடுவது, மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த்தை எப்போது கவிழ்த்து வைப்பது, ட்சுகுயோமியை எந்த டர்னுக்குக் காப்பாற்றி வைப்பது எல்லாம் அவருக்கு மனப்பாடம். நீங்களும் அதே டெக்கோடு போனால், அவர் எதில் கெட்டிக்காரரோ அதிலேயே மோதுகிறீர்கள். கோட் கன்ட்ரோலும் கோட் கன்ட்ரோலும் மோதும் ஆட்டத்தில் அனுபவம்தான் ஜெயிக்கும். கார்டு ஜெயிக்காது.

ஜூ டெக் அவர் வசதியாக இருக்கும் இடத்திலேயே கை வைக்கிறது. ஸ்கேப்கோட் போட்டால் நான்கு ஆட்டுக்குட்டி டோக்கன் வரும். தாக்குதல் பூஜ்யம், தற்காப்பும் பூஜ்யம். மற்ற டெக்குகளுக்கு அந்த நான்கும் சுவர். என்ரேஜ்டு பேட்டில் ஆக்ஸ் களத்தில் இருந்தால் உங்கள் மிருகங்களின் அடி தற்காப்பைத் துளைத்துக்கொண்டு லைஃப் பாயின்டில் இறங்கும். தற்காப்பு பூஜ்யமாக இருப்பதால் 1,700 தாக்குதல் என்றால் 1,700-ம் முழுசாக விழும். பெர்சர்க் கொரில்லாவுக்குத் தாக்குதல் 2,000. எக்ஸாரியன் யுனிவர்ஸ் 1,800, அது தானே 400-ஐ விட்டுக்கொடுத்துத் துளைக்கும். மூன்று கார்டுக்கும் கட்டுப்பாடு இல்லை, மூன்று மூன்று வைக்கலாம்.

இதை ஏட்டறிவில் சொல்லவில்லை. என் தம்பி கல்யாணத்துக்கு சிங்கப்பூரிலிருந்து அம்மான் மகன் வந்திருந்தான். அங்கே கடைப் போட்டிகளில் ஆடுகிறவன், எப்போதும் கோட் கன்ட்ரோல்தான். கல்யாணம் முடிந்த மறுநாள் மத்தியானம் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்தோம். தரை ஆத்தங்குடிக் கல். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கல்லுக்கு ஒரு கார்டு என்றுதான் ஆடிப் பழகியது. முன் வரிசை ஐந்து கல் மான்ஸ்டருக்கு, பின் வரிசை ஐந்து கல் மேஜிக்குக்கும் ட்ராப்புக்கும். உறை போட்ட கார்டு அந்த வழுவழுப்பில் நிற்காது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பித்தான் எடுக்க வேண்டும்.

என் டெக்கைப் பார்த்ததும் அவன் சொன்னது: "ஆச்சி, இன்னும் இந்தக் கொரில்லாவை விடலையா நீங்க? இது சின்னப் பசங்க டெக்." அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்கு லைஃப் 3,500. என் பக்கம் ஒரு கொரில்லா. என் எண்ட் ஃபேஸில், அதாவது என் டர்னின் கடைசிக் கட்டத்தில், ஸ்கேப்கோட்டைத் திறந்து நான்கு குட்டிகளை நிறுத்தினான். அடுத்து அவன் டர்ன். மெட்டமார்ஃபோசிஸ் போட்டு ஒரு குட்டியைப் பலி கொடுத்து தவுசண்ட்-ஐஸ் ரெஸ்ட்ரிக்ட்டை இறக்கினான். அது என் கொரில்லாவை விழுங்கி, 2,000 தாக்குதலோடு நேராக என்னை அடித்தது. அது களத்தில் இருக்கும் வரை வேறு எந்த மான்ஸ்டரும் தாக்க முடியாது. பின்னால் ஒரு கார்டைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தான். முடிந்தது என்ற தெம்பு முகத்தில் தெரிந்தது.

அவன் எண்ட் ஃபேஸிலேயே, மேஜிக், ட்ராப் கார்டை உடைக்கும் டஸ்ட் டொர்னாடோவைத் திறந்தேன். அவன் கவிழ்த்த கார்டு சகுரெட்சு ஆர்மர், தாக்க வரும் மான்ஸ்டரை அழிக்கும் ட்ராப். அது உடைந்தது. என் டர்னில் பேட்டில் ஆக்ஸை இறக்கினேன். புக் ஆஃப் மூன் போட்டு ரெஸ்ட்ரிக்ட்டைக் கவிழ்த்தேன். கவிழ்ந்ததும் அது பிடித்து வைத்திருந்த கொரில்லா என் கிரேவ்யார்டுக்கு, அதாவது தீர்ந்த கார்டுகள் போகும் இடத்துக்கு, வந்தது. 800 லைஃப் கொடுத்து ப்ரிமெச்சூர் பரியலால் அதே கொரில்லாவை எழுப்பினேன். கவிழ்ந்த ரெஸ்ட்ரிக்ட்டுக்குத் தற்காப்பு பூஜ்யம். கொரில்லா அடித்து 2,000, ஆக்ஸ் ஒரு குட்டியை அடித்து 1,700. ஆட்டம் முடிந்தது.

"புக் ஆஃப் மூன் எப்ப வந்துச்சு ஆச்சி?" என்றான். "முதல் கையிலயே இருந்துச்சு தம்பி" என்றேன். சின்னப் பசங்க டெக் என்று அப்புறம் அவன் சொல்லவில்லை.

ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டவில்லை. பலமான மான்ஸ்டரான பிளாக் லஸ்டர் சோல்ஜர் இல்லாமல் ஒரு டெக்கா என்றும் கேட்பார்கள். அதை வரவழைக்க கிரேவ்யார்டில் ஒளி வகை மான்ஸ்டர் ஒன்று, இருள் வகை ஒன்று வேண்டும். பெரும்பாலும் பூமி வகையாக இருக்கும் இந்த டெக்கில் அது ஒட்டாது, அவ்வளவுதான். குறைகளும் இருக்கின்றன. கொரில்லா முடிந்தால் தாக்கியே ஆக வேண்டும், அதனால் சகுரெட்சு ஆர்மர் இருப்பது தெரிந்தும் போய் விழும். தற்காப்பு நிலைக்கு வந்தால் செத்துவிடும். நம் மிருகங்களைத் தாக்க விடாமல் கட்டிப்போடும் கிராவிட்டி பைண்ட் வைத்த பர்ன் டெக்கோடு (கார்டு எஃபெக்டாலேயே லைஃபைக் குறைக்கும் டெக்) மோதினால் மூச்சு முட்டும். இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன். ஐந்து வருடம் கோட் கன்ட்ரோல் ஆடியவருக்கு இந்தப் பதில் எழுதவில்லை, புதிதாக வருகிற உங்களுக்கு எழுதுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஆடிய அந்த இரண்டாம் கட்டு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பங்காளி ஒருவர் தன் பங்கு அறைக் கதவையும் நிலையையும் கழற்றி விற்றார். யாரிடமும் கேட்கவில்லை. பர்மாத் தேக்கு, பாட்டையா காலத்து வேலைப்பாடு. பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் இப்படி எத்தனை வீட்டு நிலைகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன என்று நீங்களே பார்க்கலாம். கேட்டால் "என் பங்குதானே" என்கிறார். பங்கு அவருடையது, சரி. வீடு எல்லாருடையதும் இல்லையா? பிள்ளைகள் ஒன்றாக உட்கார ஊரில் இருந்த ஒரே இடம் அது. ஆயா இருந்திருந்தால் நடந்திருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காசு கொடுத்துக் கார்டு வாங்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஆடும் எடோப்ரோ, டூயலிங்புக் இரண்டிலும் இந்த ஃபார்மேட்டை இலவசமாக ஆடலாம். அங்கே ஆடிப் பாருங்கள். இப்போதைய விதிகளோடு வருகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். ஒன்று, முதலில் ஆடுகிறவரும் முதல் டர்னில் கார்டு எடுப்பார். இன்னொன்று பிரயாரிட்டி: தன்னைப் பலி கொடுத்து ஒரு மான்ஸ்டரை அழிக்கும் எக்ஸைல்டு ஃபோர்ஸை இறக்கியவுடன், களத்து மான்ஸ்டர் எல்லாவற்றையும் அழிக்கும் டோரென்ஷியல் ட்ரிப்யூட்டை எதிராளி திறக்கும் முன்பே அதன் எஃபெக்டை நீங்கள் அறிவிக்கலாம். அறிவிக்கத் தெரியாமல் கையில் இருந்த ஆட்டத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளும் சைடு டெக்கில் டஸ்ட் டொர்னாடோவையும், பர்னுக்கு எதிராக மேஜிக், ட்ராப் கார்டுகளை உடைக்கும் மோபியஸையும் வையுங்கள். புக் ஆஃப் மூன் கையில் வந்தால் அவசரப்பட்டுத் திறந்து நிற்கும் சின்ன மான்ஸ்டருக்கெல்லாம் செலவழிக்காதீர்கள். எதிராளி மெட்டமார்ஃபோசிஸ் போடும் வரை வைத்திருங்கள். எப்படியும் போடுவார்.