அம்மாவின் வீட்டை இப்போதைக்கு மாற்றாதீர்கள்

டெக்சாஸில் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) 100 நாளோடு நின்றுவிடும், அதற்குள் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு மெடிகெய்டுக்கு (வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோதரி, அவசரப்படாதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுக் கணக்கைத் தோண்டுவார்கள். இனாமாக எதையாவது கொடுத்திருந்தால், அதன் மதிப்புக்கு ஏற்ப இத்தனை நாள் என்று பராமரிப்பு இல்லச் செலவைத் தர மாட்டார்கள்; அதுதான் தண்டனை.

மெடிகெய்டு கிடைக்க அம்மாவின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சரிதான். ஆனால் அப்பா அந்த வீட்டிலேயே குடியிருப்பதாகச் சொல்கிறீர்களே, அவர் அங்கே இருக்கும்வரை வீடு அந்தக் கணக்கில் வராது. அப்பாவின் செலவுக்கென்று தனியாக ஒரு தொகையும் விட்டுவைப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். அம்மா இல்லத்தில் சேர்வதற்கு முன் 2 ஆண்டுகளாவது அதே வீட்டில் இருந்து அவரைக் கவனித்துக்கொண்டீர்களா? அதனால்தான் அவர் வீட்டோடு இருக்க முடிந்தது என்று நிரூபித்தால், வீட்டை உங்களுக்கு எழுதிவைத்தாலும் தண்டனை இல்லை. டாக்டர் கடிதம் உதவும். (என் மாமியாருக்காக அந்தக் கடிதத்துக்கு நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை!) இல்லையென்றால் வீட்டை அப்படியே விடுங்கள்.

அப்புறம், அம்மா காலத்துக்குப் பிறகு செலவான பணத்தை மாநில அரசு வீட்டிலிருந்து கேட்கலாம். அப்பா இருக்கும்வரை கேட்காது. முதியோர் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் இதையும் கேட்டுவிடுங்கள்.