ஏஐ வந்த பிறகு பாராலீகல்களையும் அலுவலக உதவியாளர்களையும் எப்படி நிர்வகிப்பது?

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகல் (வழக்கறிஞராக இல்லாமல் சட்ட வேலைகளில் அவருக்கு உதவுபவர்), தட்டச்சர், கோப்பு பார்ப்பவர் என 11 பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. மென்பொருள் பாதி வேலையைச் செய்யும்போது இவர்களை எப்படி வேலை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பயமில்லாமல் வாய் திறக்க வழி செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்களிடம் ஒருமுறை ஒரு மனு அவசரமாகத் தாக்கலானது. அதில் காட்டியிருந்த தீர்ப்புகளில் ஒன்று மேல்முறையீட்டில் ஏற்கெனவே ரத்தாகியிருந்தது. எதிர்த்தரப்பு முதலில் பிடித்ததே அதைத்தான். வழக்குக் கட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வரைவின் ஓரத்தில், அந்தத் தீர்ப்புக்கு நேராக, பென்சிலால் மெல்லியதாக ஒரு கேள்விக்குறி. போட்டது எங்கள் பாராலீகல். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சீனியர் எழுதினது மேடம், நான் எப்படிச் சொல்றது?” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு அவருடையது அல்ல, அந்தப் பென்சில் குறியை யாரிடம் கொண்டுபோவது என்று நான் சொல்லியே வைக்கவில்லை.

இப்போது எங்கள் வழக்கம் இது: மனுவில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பையும் ஒரு பாராலீகல் மூலத்தில் திறந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அவர் ‘நிறுத்துங்கள்’ என்றால் யார் எழுதியிருந்தாலும் தாக்கல் நிற்கும். ஏஐ எழுதிய வரைவுக்கு இது இன்னும் அவசியம். 2023 ஜூனில் நியூயார்க்கில், ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் சேர்த்ததற்காக இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

பாராலீகல் சரிபார்த்தார் என்பதற்காகப் பழி அவர் தலையில் விழக்கூடாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 5.3 மேற்பார்வைப் பொறுப்பை வழக்கறிஞரிடமே வைக்கிறது. 2012-இல் அதன் தலைப்பில் ‘உதவியாளர்கள்’ என்றிருந்ததை ‘உதவி’ என்று மாற்றினார்கள். வெளியிலிருந்து வாங்கும் சேவைகளும் அதில் அடங்க வேண்டும் என்பதே காரணம். மென்பொருளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று, மணிக்கணக்கு. ஒரு பாராலீகலின் மதிப்பை அவர் பில் போட்ட மணிநேரத்தால் மட்டும் அளந்தால், 6 மணிநேர ஆவண வேலையை 1 மணிநேரத்தில் முடித்தவர் அதை வெளியே சொல்லவே அஞ்சுவார். மிச்சமான நேரத்தில், வழக்கை நம்மிடம் ஒப்படைத்த கட்சிக்காரரிடம் பேச, சாட்சிகளின் காலவரிசை தயாரிக்க விடுங்கள், அதையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

மேலே போக வழியும் தெரிய வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் 2007 முதல் பாராலீகல்களுக்கு உரிமம் உண்டு, சில வகை வழக்குகளில் அவர்களே வாதாடுகிறார்கள். உங்கள் இடத்தில் சட்டம் அவ்வளவு தூரம் அனுமதிக்காமல் இருக்கலாம். பரவாயில்லை, அலுவலகத்துக்குள் பதவியும் சம்பளமும் உயர்வது உங்கள் கையில்தானே இருக்கிறது.

மென்பொருள் வாங்கும் முன் விற்பவர் காட்டும் செய்முறைக்குத் தேதிப் பதிவேடு பார்ப்பவரையும் உட்கார வையுங்கள். கெடு நாள் எங்கே தவறும் என்பது அவருக்குத்தான் தெரியும்.