ஷூவை மாற்றினால் கால் மாறிவிடுமா?

கேள்வி: பாரிஸின் செம்மண் தரையில் நடக்கும் பிரெஞ்ச் ஓப்பனையும் லண்டனின் புல்தரையில் நடக்கும் விம்பிள்டனையும் அடுத்தடுத்து வென்றார் என்று 2024-ல் டென்னிஸ் வீரர் அல்கராஸைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எழுபதுகளில் ஸ்வீடன் வீரர் பியான் போர்க் ஆடிய காலத்தில் அது சாதனை. இன்று புல்தரையும் வேகம் குறைந்துவிட்டது, இரண்டு தொடர்களுக்கும் நடுவில் ஓய்வும் கூடிவிட்டது. ஷூவை மாற்றிக்கொண்டு அதே ஆட்டத்தை ஆடினால் போதும். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: புல் மாறியது உண்மை. 2001-லிருந்து விம்பிள்டனில் முழுக்க ரைகிராஸ் என்ற ஒரே வகைப் புல்தான். அதற்கு முன் பத்தில் மூன்று பங்கு வேறு புல் கலந்திருக்கும். தரை கெட்டிப்பட்டது, பந்து முன்னைவிட மேலே எழும்புகிறது. 2015-ல் விம்பிள்டன் ஒரு வாரம் தள்ளிப்போனதால் இரண்டு வார இடைவெளி மூன்று வாரமானது. இதெல்லாம் சரி. இதை வைத்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவுதான் தப்பு.

போலந்து வீராங்கனை இகா ஸ்வியாடெக்கைப் பாருங்கள். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் பாரிஸில் அவர்தான் சாம்பியன். அந்த மூன்று ஆண்டும் விம்பிள்டனில் காலிறுதியைத் தாண்டவில்லை. 2022-ல் தொடர்ந்து 35 ஆட்டங்களை வென்ற கையோடு லண்டன் வந்தவர், மூன்றாவது சுற்றில் அலிஸே கோர்னேயிடம் நேர் செட்டில் தோற்று வெளியேறினார். அவரிடம் ஷூ இல்லாமலா போயிற்று? கடைசியில் விம்பிள்டனை அவர் வென்றது 2025-ல். இறுதிப் போட்டியில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்கவில்லை, 6-0, 6-0. அந்த ஆண்டு பாரிஸில் அரையிறுதியிலேயே தோற்றிருந்தார் என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் போய், புல்லில் இறுதிவரை ஆடிவிட்டுத்தான் லண்டனில் இறங்கினார். பட்டம் வென்ற 2022-லும் 2024-லும் பாரிஸுக்குப் பிறகு அப்படி ஒரு தொடர்கூட ஆடாமல் நேராக விம்பிள்டன் போனவர் அவர்.

சிக்கலே இதில்தான் இருக்கிறது. பாரிஸில் முதல் வாரத்தில் தோற்றவன் மறுநாளே புல்லுக்குப் போய்விடலாம். ஜெயித்தவன் ஏழு ஆட்டம் ஆடி, கடைசி நாள்வரை செம்மண்ணில் நின்று, எல்லோருக்கும் பின்னால் களைத்துப்போய் வருகிறான். பாரிஸ் வெற்றியே அவனை லண்டனில் பின்னால் தள்ளுகிறது.

ஷூ என்றீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். செம்மண் ஷூவின் அடியில் வளைந்து வளைந்து கோடுகள். புல் ஷூவின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் செங்கல் பொடி தூவிய அந்தச் செம்மண்ணில் ஓடும் ஆட்டக்காரர் பந்தை அடிப்பதற்கு முன்பே காலைச் சறுக்கவிட்டு, சறுக்கிக்கொண்டே அடிப்பார். இரண்டு மாதம் அதே பழக்கம். விம்பிள்டன் முதல் வாரத்தில் பேஸ்லைன் என்ற பின்கோட்டு ஓரம் புல் இன்னும் பச்சையாக, ஈரப்பதத்தோடு இருக்கும். அங்கே அதே காலை அதே மாதிரி வீசினால் ஆள் கீழே கிடப்பார். குட்டிக் குட்டி அடியாக வைக்க வேண்டும். பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வருவதால் முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். மூளைக்கு இது தெரியும். காலுக்குத் தெரிய நாளாகும்.

நீங்கள் போற்றும் போர்க்கே முதல் வாரத்தில் தப்பிப் பிழைத்தவர்தான். 1978-ல் பாரிஸில் ஒரு செட்கூட இழக்காமல் வென்று வந்தவரை, விம்பிள்டன் முதல் சுற்றிலேயே விக்டர் அமாயா ஐந்து செட்டுக்கு இழுத்தார். மறு ஆண்டு இரண்டாவது சுற்றில் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முந்தினார். நான்காவது செட்டை, சமநிலையில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக்கரில் மீட்டு, ஐந்தாவதை எடுத்துத்தான் போர்க் கரையேறினார். விஜய் அந்த டை-பிரேக்கரை எடுத்திருந்தால், 1979-ல் போர்க்குக்கு இந்த இரட்டைப் பட்டமே இல்லை.

போர்க் கடைசியாக இதைச் செய்த 1980-க்குப் பிறகு ஆண்களில் இதை மீண்டும் செய்ய 28 ஆண்டு ஆயிற்று. மூன்று முறை பாரிஸ் வென்ற லெண்டிலுக்கு விம்பிள்டன் கிடைக்கவே இல்லை. ஏழு விம்பிள்டன் வென்ற சாம்ப்ராஸ் பாரிஸில் இறுதிப் போட்டியைக்கூடப் பார்க்கவில்லை. புல் மாறிய பிறகும் நடால் 2006-லும் 2007-லும் பாரிஸை வென்றுவிட்டு விம்பிள்டன் இறுதியில் ஃபெடரரிடம் தோற்றார். மூன்றாவது முயற்சியில், 2008-ல்தான், ஐந்தாவது செட்டை 9-7 என்று எடுத்து வென்றார். அடுத்த ஆண்டு முழங்கால் வலி அவரை விம்பிள்டனிலேயே ஆடவிடவில்லை. பிறகு 2009-ல் ஃபெடரர், 2010-ல் மறுபடி நடால், 2021-ல் ஜோகோவிச், 2024-ல் அல்கராஸ். அவ்வளவுதான் பட்டியல். பெண்களில் 2015 செரீனாவுக்குப் பின் 2025 வரை ஒருவர்கூட இல்லை. சுலபமான காரியம் என்றால் வரிசை இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

ஆண்களில் தொடர்ந்து மூன்று ஆண்டு இதைச் செய்தவர் போர்க் ஒருவர்தான். அந்த இடத்தில் அவரை யாரும் நெருங்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அல்கராஸால் இரண்டாவது ஆண்டே முடியவில்லை. 2025-ல் பாரிஸ் இறுதியில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டை (எதிராளி இன்னொரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலை) தடுத்து, ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறையப் போராடி இத்தாலியின் சின்னரை வென்றார். ஐந்து வாரம் கழித்து லண்டன் இறுதியில் முதல் செட்டையும் எடுத்தார். அடுத்த மூன்று செட்டும் சின்னருடையவை.