பழைய பேய்மாளிகைக் கதையை வானொலிப் பகடியாக்குவது எப்படி?

கேள்வி இது: 'டிராகுலா' போன்ற கதையை அரை மணி நேர வானொலிப் பகடியாக, அரங்கில் ஆட்களை உட்காரவைத்துப் பதிவு செய்யப்போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

முதலில் கேட்பவரை நிஜமாகவே பயமுறுத்துங்கள். பயம் வராத இடத்தில் பகடியும் எடுபடாது. 1938 ஜூலை 11 அன்று அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் தன் வானொலி நாடக வரிசையைத் தொடங்கியது டிராகுலாவில்தான். அதில் கிண்டல் துளியும் இல்லை. ஆனாலும் பகடி எழுத உட்காருபவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். 1897ல் வெளிவந்த மூலநாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி. ஒருவர் படிக்கத் தொடங்கினால் அடுத்த நொடி காட்சிக்குள் இறங்கிவிடலாம். சிரிப்புக்கான பிடியும் அங்கேயே இருக்கிறது: பேய் வாசலுக்கு வந்த பிறகும் ஆள் ஓடாமல் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது, பயங்கரம் நிற்கவேண்டிய இடத்தில் ஓர் அற்பப் பொருளை வையுங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள். பிபிசியின் வானொலி நகைச்சுவைத் தொடரான கூன் ஷோவில் 1954ல் வந்த ஒரு பகுதியில், போர்க்கால இருட்டடிப்பில் இங்கிலாந்தின் பெக்ஸ்ஹில் ஊர்க்காரர்கள் மேல் யாரோ மாவுப் புட்டிங்கை வீசுகிறார்கள். அவ்வளவுதான் குற்றம். விசாரணையோ கொலைகாரனைத் தேடுகிற தோரணையில் நடக்கும். நடிகர் தானே சிரித்துக்கொண்டு பேசினால் இந்தக் கட்டு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

ஒலிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இடிக்கு 3 அடிக்கு 6 அடி மெல்லிய தகரம் போதும். மேல் விளிம்பில் மரச்சட்டம் அடித்துத் தொங்கவிட்டு, கீழ்முனையைப் பிடித்து உலுக்க வேண்டும். தகரம் தடிப்பாக இருந்தால் சட்டி உருண்ட சத்தம்தான் வரும். குதிரைக்கு இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு தட்டில் சரளைக்கல். பேயின் நெஞ்சில் மரமுளை இறங்கும் சத்தத்துக்கு முட்டைகோஸில் கத்தியைக் குத்துங்கள்.

கதவுக் கிறீச்சொலியை இணையத்திலிருந்து இறக்காதீர்கள். நடிகரின் வேகத்துக்கு அது நீளாது, குறையாது. எண்ணெய் காணாத கீல் போட்ட பழைய பெட்டி மூடி ஒன்றை மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, கையால் மெல்லத் திறங்கள். 4 விநாடி வரை அது பயம். 9 விநாடியைத் தொட்டால் சிரிப்பு. அப்போது மாளிகையின் சொந்தக்காரரான டிராகுலா பிரபு மரியாதை குறையாமல் சொல்லட்டும்: "பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது."

பிரபுவின் பெயரைச் சொன்னதும் இடி இடிப்பது பழைய உத்தி. இரண்டு முறை சரியான இடத்தில் இடிக்கட்டும். மூன்றாம் முறை பெயருக்குப் பின் மௌனம், நடிகர் காத்திருந்து, பேச்சை மாற்றி, "தேநீர் தரட்டுமா?" என்றதும் இடி. நான்காம் முறை வேண்டவே வேண்டாம்.

இனி, வழக்கமாகக் கெடும் இடங்கள். ஒலி போடுபவர் முட்டைகோஸைத் தூக்கியதுமே அரங்கம் சிரித்துவிடும். வீட்டில் கேட்பவருக்கு ஏன் என்றே புரியாது. ஒலி போடுபவரை ஒரு தட்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஒரே காட்சியில் நான்கு குரலுக்கு மேல் வேண்டாம். அதிலும் அடித்தொண்டைக் குரல் ஒன்றுதான் இருக்கலாம். 28 நிமிட நிகழ்ச்சிக்கு 25 நிமிட வசனம் எழுதினால் போதும், மீதியைச் சிரிப்பு எடுத்துக்கொள்ளும். சிரிப்பு உச்சம் தாண்டி இறங்கும்போது அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். முழுக்க அடங்கும்வரை நின்றால் வேகம் செத்துவிடும்.

கல்லறைக் காட்சியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எதிரொலியை அள்ளிப் போட்டால் வரியின் கடைசிச் சொல் கரைந்துபோகும், நகைச்சுவை பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான் இருக்கும். குரலை எதிரொலி இல்லாமல் பதிவு செய்து, பிறகு சேருங்கள். பிரபுவின் முதல் வரிக்கு நிறைய, அடுத்த வரிகளுக்குப் படிப்படியாகக் குறைவு. இடம் கல்லறை என்பது முதல் வரியிலேயே காதில் பதிந்துவிடும்.